ஷெரிஃபின் தகுதியும் பயிற்சியும்: கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
கலிபோர்னியா மாநில மேலவை, கீழவை உறுப்பினர்கள்,
சாக்ரமென்டோ.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) ஷெரிஃப் பதவிக்குப் போட்டியிடுவோருக்கு அரசுச் சட்டத்தொகுப்பின் 24004.3ஆம் பிரிவு விதித்துள்ள தகுதிகளைத் திருத்துமாறும், வென்று பதவியேற்ற ஷெரிஃப் ஒவ்வொருவருக்கும் அப்பதவியின் பணிகளுக்கென்றே வகுத்த தொடர்பயிற்சியைக் கட்டாயமாக்குமாறும் வேண்டி இம்மடலை எழுதுகிறேன். நான் சாண்டா கிளாரா கவுண்டியின் கூப்பர்ட்டினோ நகரில் வாழும் வாக்காளன். எங்கள் நகருக்கெனத் தனிக் காவல்துறை கிடையாது. சரடோகா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் ஆகிய ஊர்களைப் போலவே இங்கும் ஒப்பந்தத்தின் பேரில் ஷெரிஃப் அலுவலகமே ரோந்து வருகிறது. மடலின் ஆங்கில வடிவம் தங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வருகிறது. தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம், இப்பகுதியில் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் தமிழர்கள் பலர், ஷெரிஃப் பெயருக்கு எதிரே உள்ள வட்டத்தை நிரப்பாமலே வாக்குச்சீட்டை உறையில் இட்டு ஒட்டிவிடுகிறார்கள் என்பதை நான் அறிந்திருப்பதுதான்.

அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு இப்பதவியின் அகலம் எளிதில் பிடிபடாது. அங்கே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஒருவர். சிறைகளைப் பார்த்துக்கொள்வது வேறொரு துறை. நீதிமன்ற ஆணையோடு வந்து வீட்டைக் காலி செய்விக்கும் அமீனா இன்னொருவர். மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்தால் அச்சாவை விசாரிக்கும் கோட்டாட்சியர் மற்றொருவர். கலிபோர்னியாவில் இந்த நால்வரின் வேலையும் ஒரே மேசைக்கு வந்து சேர்கிறது. நகராட்சிகளுக்கு வெளியே உள்ள பகுதிகளில் காவல், கவுண்டிச் சிறை, நீதிமன்றப் பாதுகாப்பு, உரிமையியல் ஆணைகளை நிறைவேற்றுதல் ஆகிய யாவும் ஷெரிஃபின் பொறுப்பு. மாநிலத்தின் 58 கவுண்டிகளில் 48இல் அவரே மரண விசாரணை அதிகாரியும் ஆவார். 2018 நவம்பரில் பாரடைஸ் நகரைக் காட்டுத்தீ அழித்து 85 பேர் மாண்டபோது, மக்களை வெளியேற்றியதும், பிறகு சாம்பலில் கிடைத்த எச்சங்களை அடையாளம் கண்டு உறவினருக்கு அறிவித்ததும் பியூட் கவுண்டியின் ஒரே ஷெரிஃப் அலுவலகம்தான்.

இத்தனை பொறுப்புகளைச் சுமக்கும் பதவிக்குச் சட்டம் என்ன தகுதி கேட்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எனினும் பிற வாசகர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன். வேட்புமனுவுக்கான இறுதி நாளன்று வேட்பாளர் ஐந்து வழிகளுள் ஒன்றில் தகுதி பெற்றிருக்க வேண்டும். காவல் அலுவலர் தரநிலை மற்றும் பயிற்சி ஆணையம் வழங்கும் உயர்நிலைச் சான்றிதழ் ஒரு வழி. அது இப்போது செயலில் இருக்கிறதா என்பதுகூடப் பொருட்டில்லை. மற்ற நான்கும் படிப்பும் பணியனுபவமும் கலந்தவை: முதுகலைப் பட்டம் இருந்தால் ஓராண்டு முழுநேர ஊதியப் பணி, இளங்கலைப் பட்டம் இருந்தால் இரண்டு ஆண்டு, ஈராண்டுக் கல்லூரிப் பட்டம் இருந்தால் மூன்று ஆண்டு, பள்ளிப் படிப்பு மட்டும் என்றால் நான்கு ஆண்டு. அந்தப் பணியில் ஒரு பகுதியாவது மனுவுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் அமைந்திருக்க வேண்டும். அது, காவல் அதிகாரம் கொண்ட அலுவலர்களை வகைப்படுத்தும் தண்டனைச் சட்டத்தொகுப்பின் 830.1 அல்லது 830.2ஆம் பிரிவுக்குள் வருவதாகவும் இருக்க வேண்டும். தேர்தல் சட்டத்தின் 13.5ஆம் பிரிவின்படி இவற்றுக்கான சான்றுகளை வேட்பாளர் மனுவோடு இணைக்க, கவுண்டித் தேர்தல் அலுவலர் சரிபார்க்கிறார். அவர் சரி என்று சொன்ன பிறகு தகுதி பற்றிய கேள்வி முடிந்துவிடுகிறது. வென்றவர் மீண்டும் போட்டியிட்டால், அதே பழைய சான்றுகளையே மறுபடியும் காட்டலாம்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு குறைகளைக் காண்கிறேன்: அளவுகோல் வேறொரு வேலையை அளக்கிறது, அளப்பதும் வாசலோடு நின்றுவிடுகிறது.

முதற்குறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் சட்ட அமலாக்க அலுவலர் 830.2ஆம் பிரிவுக்குள் வருகிறார். பள்ளிப் படிப்பும் நான்கு ஆண்டுப் பணியும் இருந்தால் அவர் எந்தக் கவுண்டியிலும் ஷெரிஃப் பதவிக்குப் போட்டியிடலாம். மாநிலச் சிறைகளில் காவலராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக உயர்ந்து, இருபது ஆண்டுகள் ஆயிரக்கணக்கான கைதிகளின் பாதுகாப்பையும் மருத்துவத்தையும் கவனித்த ஒருவரோ 830.5ஆம் பிரிவுக்குள் வருகிறார். அப்பணி எத்தனை ஆண்டு நீண்டாலும் 24004.3இன் கணக்கில் சேராது. ஆற்றங்கரையில் உரிமமின்றித் தூண்டில் போடுவோரைப் பிடிக்கும் அலுவலரை நான் இகழவில்லை. அவருடைய பணி கடினமானது, பெரும்பாலும் தனியே செய்வது. ஆனால் கவுண்டிச் சிறையின் முழு அதிகாரமும் சட்டப்படி ஷெரிஃப் ஒருவரிடமே இருக்கும்போது, சிறைப்பணியைத் தகுதியாக ஏற்காத ஓர் அளவுகோலை எந்த நியாயத்தால் காப்பது?

இப்பிரிவு 1980களின் இறுதியில் இயற்றப்பட்டது. 1989 ஜனவரி 1 அன்று பதவியில் இருந்தோர் யாவரும் தகுதி பெற்றவராகவே கருதப்படுவர் என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. அக்காலத்தில் கவுண்டிச் சிறை என்பது விசாரணைக்குக் காத்திருப்போரும் ஓராண்டுக்கு மிகாத தண்டனை பெற்றோரும் இருந்த இடம். 2011 மே மாதம், மாநிலச் சிறைகளின் நெரிசலைக் கட்டடங்களின் கொள்ளளவில் 137.5 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும் என்ற ஆணையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தங்கள் சட்டத்தால், வன்முறையோ பாலியல் குற்றமோ அல்லாத, கடுமையானவை எனப் பட்டியலிடப்படாத பல குற்றங்களுக்கான பல்லாண்டுத் தண்டனைகள் கவுண்டிச் சிறைகளுக்கு இடம்மாறின. நாள்பட்ட நோயாளிகளும் முதியவர்களும் நெடுங்கால மனநோயாளிகளும், சில மாதங்களுக்கென்று கட்டிய அறைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கத் தொடங்கினார்கள். ஷெரிஃபின் வேலையை இந்த அளவு மாற்றிய சட்டமன்றம், அவருக்கான தகுதியில் கைவைக்கவில்லை.

விளைவை ஊகிக்க வேண்டியதில்லை. சான் டியேகோ கவுண்டியின் சிறைகளில் 2006 முதல் 2020 வரை 185 பேர் இறந்ததை மாநிலத் தணிக்கையாளர் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்கிறது. கைதியை உள்ளே ஏற்கும்போது நடக்க வேண்டிய உடல்நல, மனநலப் பரிசோதனையில் குறைகள் இருந்ததையும், அறைகளைச் சுற்றிப் பார்க்கும் காவலர்கள் சில நேரங்களில் ஒரு நொடிக்கு மேல் பார்க்காமல், நடையைக்கூட நிறுத்தாமல் கடந்து சென்றதையும் அது குறிப்பிட்டது. இவை ஒரு காவலரின் சோம்பலால் மட்டும் நேர்பவை அல்ல. ஒரு சுற்று எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும், யார் அதைச் சரிபார்க்க வேண்டும், ஒரு மரணத்துக்குப் பின் எந்த விதி மாற வேண்டும் என்பவற்றைத் தலைமையில் இருப்பவர் அறிந்திருந்தால்தான் கீழே உள்ளவர் கற்றுக்கொள்வார். 2024 ஜூலை முதல் காவலில் நிகழும் மரணங்களை ஆராய மாநில அளவில் ஓர் இயக்குநரை அமர்த்தியிருக்கிறீர்கள். அது நல்ல செயல். ஆனால் இறந்த பிறகு ஆராய்பவர் அவர். இறக்குமுன் பொறுப்பில் இருப்பவரைப் பற்றியே நான் பேசுகிறேன்.

லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். அங்கே 1998 முதல் 2014 வரை ஷெரிஃபாக இருந்த லீ பாக்காவிடம் தகுதிக்குக் குறைவே இல்லை. அத்துறையிலேயே அடிநிலையிலிருந்து உயர்ந்தவர். பொது நிர்வாகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 24004.3இன் எந்த வழியில் வந்தாலும் அவருக்குக் கதவு திறந்திருக்கும். நாட்டிலேயே மிகப் பெரிய கவுண்டிச் சிறை அமைப்பில் கைதிகள் அடிக்கப்படுவதை அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை (எஃப்.பி.ஐ.) விசாரித்தபோது, அதற்குத் தகவல் தந்த கைதியை அதன் கண்ணில் படாமல் மறைத்துவைத்தது அவர் தலைமையிலான துறை. நீதிக்கு இடையூறு செய்தது, விசாரணையில் பொய் சொன்னது உள்ளிட்ட குற்றங்களுக்காக 2017இல் பாக்காவுக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்தச் சிறை வன்முறையை ஆராயக் கவுண்டி அமைத்த குழு 2012 செப்டம்பரில் தந்த பரிந்துரைகளுள் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரிய சிறை அமைப்பை நடத்திய அனுபவமுள்ள ஒருவரைச் சிறைகளுக்கான துணை ஷெரிஃபாக அமர்த்த வேண்டும் என்றது அக்குழு. மறு ஆண்டு அப்பொறுப்புக்கு வந்தவர் டெரி மெக்டொனால்ட். மாநிலச் சிறைத் துறையில் காவலராகத் தொடங்கி அதன் மேல்நிலை வரை உயர்ந்தவர். வீடு பற்றி எரிந்த பிறகு தேடி அழைக்கப்பட்டது, ஷெரிஃப் வேட்பாளருக்கு எந்தப் பணிவரலாறு செல்லாது என்று சட்டம் சொல்கிறதோ அதே பணிவரலாறு. இம்முரண்பாட்டை நீக்க 24004.3இல் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: 830.5ஆம் பிரிவின் கீழ் மேற்பார்வைப் பொறுப்பில் ஆற்றிய பணியும் அனுபவமாகக் கொள்ளப்படும்.

தகுதி விதியையே முற்றாக எடுத்துவிட வேண்டும் என்போரும் உண்டு. 2021இல் மேலவை உறுப்பினர் ஸ்காட் வீனர் கொண்டுவந்த 271ஆம் எண் மசோதா அந்நோக்கம் கொண்டது, அது நிறைவேறவில்லை. அவர்கள் தரப்பின் வலிமையான சான்று சான் பிரான்சிஸ்கோவின் மைக்கேல் ஹென்னெஸி. கைதிகளுக்குச் சட்ட உதவி செய்த வழக்கறிஞரான அவர், காவல் அனுபவம் ஏதுமின்றி 1979 தேர்தலில் வென்று 32 ஆண்டுகள் ஷெரிஃபாக இருந்தார். சிறைக்குள்ளேயே உயர்நிலைப் பள்ளி நடத்தி, வளர்ந்தவர்கள் அங்கே பட்டயம் பெற வழி செய்தார். 1989ஆம் ஆண்டுச் சலுகை இருந்ததால்தான் அவர் நீடிக்க முடிந்தது. இன்று அவரைப் போன்ற ஒருவர் மனுவே அளிக்க முடியாது. இந்த வாதத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒரு நல்லவரின் பெயரைச் சொல்லிப் பூட்டையே கழற்றிவிட என்னால் ஒப்ப முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் தெருக்காவல் நகரக் காவல்துறையின் வேலை. ஷெரிஃப் பெரும்பாலும் சிறையையும் நீதிமன்றத்தையும் பார்ப்பவர். மலைப்பகுதிக் கவுண்டி ஒன்றில் நள்ளிரவில் துப்பாக்கிச் சூடு என்றால், போய்ச் சேர ஷெரிஃப் ஆட்களைவிட்டால் வேறு ஆளில்லை. ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் 2020 கணக்கெடுப்பில் 1,204 பேர் மட்டுமே இருந்த ஆல்பைன் கவுண்டிக்கும் ஒரே விதி பொருந்த வேண்டுமானால், அது இருபக்கமும் தாங்கும் விதியாக இருக்க வேண்டும். எனவே வாசலை இடிக்க வேண்டாம். சிறைப்பணியும் நுழையும் அளவுக்கு அகலப்படுத்துங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இரண்டாம் குறையே பெரியது. பாக்காவின் கதையும் ஹென்னெஸியின் கதையும் சேர்ந்து காட்டுவது, நுழையும்போது கையில் இருக்கும் சான்றிதழ் பிறகு நடப்பதற்கு உறுதியளிப்பதில்லை என்பதையே. காவல் அலுவலர் தரநிலை மற்றும் பயிற்சி ஆணையத்தின் விதிப்படி காவல் அலுவலர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 24 மணி நேரத் தொடர்பயிற்சி முடிக்க வேண்டும். ரோந்து அலுவலர்க்குக் கைது செய்யும் முறை, வாகனம் ஓட்டுதல், துப்பாக்கிப் பயன்பாடு, பேச்சால் தணித்தல் என்று அதற்குள் கட்டாயப் பாடங்கள் உண்டு. சிறைக் காவலர்களுக்கு வேறொரு வாரியத்தின்கீழ் ஆண்டுதோறும் பயிற்சி உண்டு. ஆக, கீழிருந்து மேலே ஏற ஏற, செய்யும் வேலைக்கும் கற்கும் பாடத்துக்கும் உள்ள பொருத்தம் தளர்ந்துகொண்டே போகிறது. உச்சியில் இருப்பவருக்குச் சிறை மருத்துவம், மரண விசாரணை, பல நூறு கோடி வரவுசெலவு, வழக்கு நெருக்கடி ஆகியவற்றில் இன்னின்ன பாடம் என்று வகுத்துச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. மாநில ஷெரிஃப்கள் சங்கம் நடத்தும் வகுப்புகளுக்கு விரும்பியவர் போகலாம். விரும்பாதவர்தான் போக வேண்டியவராக இருப்பார்.

இதைச் சரிசெய்யத் தாங்கள் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை; அதே சட்டத்தொகுப்பில் சில பக்கங்கள் தள்ளிப் பாருங்கள். 1994 டிசம்பரில் ஆரஞ்சு கவுண்டி திவாலானது. தேர்ந்தெடுக்கப்பட்ட பொருளாளர் ராபர்ட் சிட்ரன், பொதுப் பணத்தைத் துணிகரமான முதலீடுகளில் போட்டதால் ஏறத்தாழ 160 கோடி டாலர் போயிற்று. அடுத்த ஓராண்டுக்குள் இச்சட்டமன்றம் கவுண்டிப் பொருளாளர்களுக்குத் தகுதியும் வகுத்தது, தொடர்கல்வியும் வகுத்தது. 27000.8ஆம் பிரிவின்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட பொருளாளர் ஒவ்வொரு இரண்டு ஆண்டுக் காலத்திலும் குறைந்தது 48 மணி நேரம் நிதி மேலாண்மை, அரசுக் கணக்கியல் போன்ற, தம் பணிக்கு நேரடித் தொடர்புள்ள பாடங்களைக் கற்று, மாநிலக் கட்டுப்பாட்டாளரிடம் சான்று அளிக்க வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்தவரை வகுப்பில் உட்காரச் சொல்லலாமா என்ற கேள்விக்கு அன்றே விடை கொடுத்துவிட்டீர்கள். பணம் தொலைந்தபோது ஓராண்டில் பிறந்த சட்டம், உயிர்கள் தொலைந்தபோது ஏன் பிறக்கவில்லை என்று ஒரு வரிசெலுத்துபவன் கேட்டால் அதை மிகையென்று கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன்.

பிற மாநிலங்களிலும் வழி இருக்கிறது. ஓஹையோவின் சட்டம், ஷெரிஃப் வேட்பாளருக்குக் காவல் அலுவலர் சான்றிதழோடு இரண்டு ஆண்டு மேற்பார்வை அனுபவம் அல்லது பள்ளிக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுக் கல்வி வேண்டும் என்கிறது. அத்தோடு நிற்காமல், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கென்றே ஓர் அடிப்படை வகுப்பையும் பிறகு ஆண்டுதோறும் தொடர்கல்வியையும் விதிக்கிறது. நம் மாநிலத்தில் தேர்தல் முடிந்து ஜனவரியில் பதவியேற்கும் வரை வென்றவருக்குக் கிடைக்கும் வாரங்கள் வாழ்த்துகளிலும் ஆள்தேடலிலும் கழிகின்றன. அக்காலத்தில் நாற்பது மணி நேரம் ஒதுக்கச் சொல்வது பெருஞ்சுமையன்று.

என்ன கற்பிப்பது என்று கேட்டால், சட்டம் மாறும் வேகமே பாடத்திட்டத்தை எழுதித் தந்துவிடும். மறைத்துத் துப்பாக்கி ஏந்தும் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நியூயார்க் சட்டத்தை ரத்து செய்த தீர்ப்பால், தக்க காரணம் காட்டினால்தான் உரிமம் என்ற பழைய முறை இங்கும் விழுந்தது. அடுத்த ஆண்டே தாங்கள் புதிய விதிகளை இயற்றினீர்கள். அவ்வுரிமங்களை வழங்குவது ஷெரிஃப். குடியேற்றத் துறை ஒரு கைதியின் விடுதலை நாளைக் கேட்டால் எப்போது சொல்லலாம், எப்போது கூடாது என்பதை 2017ஆம் ஆண்டு 54ஆம் எண் சட்டம் நுணுக்கமாக வரையறுக்கிறது. கிரீன் கார்டிலும் விசாவிலும் வாழும் உறவினர்களைக் கொண்ட எங்கள் போன்ற குடும்பங்களுக்கு அதன் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். அதை நடைமுறைப்படுத்துபவரும் ஷெரிஃப்தான். மரண விசாரணைப் பொறுப்பும் அவ்வாறே. சான் வாகீன் கவுண்டியில் ஷெரிஃப் தங்கள் முடிவுகளில் தலையிடுகிறார் என்று குற்றம்சாட்டித் தடயவியல் மருத்துவர்கள் இருவர் 2017 இறுதியில் விலகினர். ஷெரிஃப் அதை மறுத்தார். மறு ஆண்டு கவுண்டி அப்பொறுப்பை அவரிடமிருந்து பிரிக்க முடிவு செய்தது. அப்படிப் பிரிக்காத கவுண்டிகளில், மருத்துவரின் முடிவு எங்கே தொடங்கி ஷெரிஃபின் முடிவு எங்கே நிற்கிறது என்பதாவது கற்பிக்கப்பட வேண்டும். இவற்றோடு தற்கொலைத் தடுப்பு, போதைப்பொருள் விலகலின் மருத்துவம், மனநோயாளிகளைக் கையாளுதல் ஆகியவற்றுக்கு மொத்த நேரத்தில் பாதியாவது ஒதுக்கக் கோருகிறேன்.

எங்கள் கவுண்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1998இல் தேர்ந்தெடுக்கப்பட்ட லாரி ஸ்மித், கலிபோர்னியாவில் தேர்தலில் வென்ற முதல் பெண் ஷெரிஃப். அந்த வெற்றி அன்று பலருக்குப் பெருமை தந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2022 நவம்பரில், ஊழல் மற்றும் பதவித் தவறு பற்றிய ஆறு குற்றச்சாட்டுகளும் மெய்ப்பிக்கப்பட்டதாக நடுவர் குழு தீர்ப்பளித்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் பதவி விலகியிருந்தார். அக்குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை துப்பாக்கி உரிமங்கள் பற்றியவை. ஒன்று, சிறை வண்டியில் கடுமையாகக் காயமுற்ற மனநோயாளிக் கைதி தொடர்பான விசாரணைக்கு ஒத்துழைக்காதது பற்றியது. அண்டைக் கவுண்டியான சான் மட்டேயோவில் 2025 மார்ச்சில் சிறப்புத் தேர்தல் நடத்தி, ஷெரிஃபை நீக்கும் அதிகாரத்தை வாக்காளர்கள் கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழுவுக்கு வழங்க, அக்டோபரில் அது பயன்படுத்தப்பட்டது. நீக்குவதற்கான வழிகள் இப்படிப் பெருகுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கில் இழுத்து, வழக்குச் செலவைக் கவுண்டியின் தலையில் கட்டுகிறது. பயிற்சி பேராசைக்கு மருந்தல்ல என்பதையும் அறிவேன். அறியாமைக்கும் பழக்கத்தின் மெத்தனத்துக்கும் அது மருந்து. சிறைகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி பின்னிரண்டால் விளைவது என்பது என் கருத்து.

எதிர்ப்புகள் எங்கிருந்து வரும் என்பது தெரிந்ததே. ஷெரிஃப் மக்களுக்கு மட்டுமே பதில் சொல்பவர், சாக்ரமென்டோவுக்கு அல்ல என்பார்கள். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மக்களுக்குத் தெரிய வேண்டும். இன்று ஒரு ஷெரிஃப் கடந்த இரண்டு ஆண்டுகளில் எதைக் கற்றார் என்று வாக்காளன் பார்க்கும் இடமே இல்லை. சிறு கவுண்டிகளுக்குப் பணமில்லை என்பார்கள். அங்கு ஷெரிஃப் தாமே ரோந்தும் போகிறவர் என்பதால் இது உண்மையான இடர். அதற்கு மாநிலம் செலவை ஏற்று, வகுப்புகளில் ஒரு பகுதியை இணையவழி நடத்துவதே தீர்வு. கற்காதவரை எப்படித் தண்டிப்பது என்ற கேள்விதான் கடினமானது. தேர்ந்தெடுக்கப்பட்டவரை ஓர் ஆணையம் வகுப்புக்கு வராததற்காக வீட்டுக்கு அனுப்புவதை நானும் விரும்பவில்லை. எனவே தேர்தல் சட்டத்தில் ஏற்கனவே உள்ள 13.5ஆம் பிரிவையே பயன்படுத்துங்கள்: பதவியில் இருக்கும் ஷெரிஃப் மறுபடி மனு செய்யும்போது, பதவிக்காலப் பயிற்சியை முடித்ததற்கான சான்றையும் பழைய தகுதிச் சான்றுகளோடு இணைக்க வேண்டும் என்று விதியுங்கள். நீக்கவும் வேண்டாம், அபராதமும் வேண்டாம். கற்காதவர் அடுத்த தேர்தலில் வேட்பாளராக முடியாது, அவ்வளவே.

ஆக நான் கேட்பவை: 24004.3இல் 830.5ஆம் பிரிவின் மேற்பார்வைப் பணியையும் அனுபவமாக ஏற்பது. முதன்முறை வென்றவருக்குப் பதவியேற்பு நாளையொட்டி நாற்பது மணி நேர வகுப்பு. பிறகு பொருளாளருக்குள்ளதைப் போலவே இரண்டு ஆண்டுக்கு 48 மணி நேரம். அதன் பதிவை ஒவ்வொரு கவுண்டியும் தன் இணையதளத்திலும் வாக்காளர் கையேட்டிலும் வெளியிடுவது. மறுபோட்டிக்கு அச்சான்றைக் கட்டாயமாக்குவது.

காலமும் பொருந்தி வருகிறது. 2022இல் தாங்கள் இயற்றிய சட்டத்தால் பெரும்பாலான கவுண்டிகளின் ஷெரிஃப் தேர்தல், அதிபர் தேர்தல் நடக்கும் 2028ஆம் ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று; 2022இல் வென்றவர்கள் ஆறு ஆண்டுகள் பதவியில் இருக்கிறார்கள். அத்தேர்தலுக்கான மனுத்தாக்கல் தொடங்குமுன் திருத்தம் நடைமுறைக்கு வர வேண்டுமானால், மசோதா தாமதமின்றி அறிமுகமாக வேண்டும். எங்கள் தொகுதியின் மேலவை, கீழவை உறுப்பினர்கள் இதை முன்மொழிய முன்வருவார்களா என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வரும் விடையையும் இதே போலத் தமிழில் வெளியிடுவேன்.

இப்படிக்கு,
கூப்பர்ட்டினோ வாக்காளர் ஒருவர்,
சாண்டா கிளாரா கவுண்டி.